‘சாம்ப்பிங் அட் த பிட்’: தவிப்பா, துடிப்பா?

கேள்வி
எழுதியவர்: முதல்வரைவு

அன்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கிரிக்கெட் நினைவுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் மழையால் ஆட்டம் தொடங்கத் தாமதமாகிறது. உடைமாற்றும் அறையில் இளைஞர்கள் காலில் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, மட்டையும் கையுமாக ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ‘தே வேர் சாம்ப்பிங் அட் த பிட் டு கெட் அவுட் தேர்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. அகராதியில் ‘பொறுமையின்றிக் காத்திருத்தல்’ என்று போட்டிருந்ததால், ‘களத்தில் இறங்க முடியாமல் பொறுமையிழந்து தவித்தார்கள்’ என்று எழுதினேன். படியைப் பார்த்த பதிப்பாசிரியர் ‘தவித்தார்கள்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘இவர்களுக்கு என்ன கஷ்டம்?’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள்களாக அந்த ஒரு வரியிலேயே நிற்கிறேன். இதே பொருளில் ‘ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்’ என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா? அதே கட்டுரையில் வேறோர் இடத்தில் ‘சாம்ப்பிங்’ என்பதற்குப் பதிலாக ‘சோம்ப்பிங்’ என்று அச்சாகியிருக்கிறது, அது அச்சுப்பிழையா? இவற்றுக்கு மேலாக, இந்தத் தொடரைத் தமிழில் எப்படிச் சொன்னால் இயல்பாக இருக்கும்? கடிவாளத்தையும் குதிரையையும் எப்படியாவது காப்பாற்றிக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது.


மறுமொழி 1
எழுதியவர்: கரும்பலகை

கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ‘சாம்ப்’ என்பது 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் வழங்கிவரும் சொல். சத்தம் கேட்கும்படி நறநறவென்று மெல்லுவதைக் குறிப்பது. ‘பிட்’ என்பது குதிரையின் வாய்க்குள் குறுக்காக இருக்கும் கடிவாள இரும்பு. ஓடத் தயாராக நிற்கும் குதிரையைச் சவாரி செய்பவன் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும்போது, அது அந்த இரும்பை மென்றுகொண்டும் தலையை உதறிக்கொண்டும் நிற்கும். அந்தக் காட்சியை மனிதர்களுக்கு ஏற்றிச் சொல்வதுதான் இந்தத் தொடர். ஆகவே இதில் வெறும் காத்திருப்பைவிட அதிகமாக ஒன்று இருக்கிறது: செய்வதற்கு ஆசை இருக்கிறது, வலு இருக்கிறது, ஆயத்தமும் முடிந்துவிட்டது, புறத்தேயிருந்து ஒன்று தடுத்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அகராதி பொறுமையின்மையைச் சொல்லிவிட்டு ஆசையைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

‘டென்ட்டர்ஹூக்ஸ்’ முற்றிலும் வேறு. ஒரே மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலையில், செல்பேசித் திரையில் பதிவெண்ணைத் தட்டிவிட்டு அது சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் ‘ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்’. நல்ல மதிப்பெண் வந்து, விரும்பிய கல்லூரியில் இடமும் கிடைத்து, பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு, எப்போது கல்லூரி திறக்கும் என்று நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது, அவள் ‘சாம்ப்பிங் அட் த பிட்’. முன்னதில் என்ன ஆகுமோ என்ற அச்சம் இருக்கிறது. பின்னதில் அச்சத்துக்கு இடமே இல்லை. உங்கள் கிரிக்கெட் இளைஞர்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். பதிப்பாசிரியர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது.

‘சோம்ப்பிங்’ அச்சுப்பிழை அன்று. ‘சாம்ப்’ என்பதன் திரிந்த வடிவமே ‘சோம்ப்’. இந்தத் தொடரில் அது 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவி, இன்று அங்கே மூல வடிவத்தைவிட அதிகமாகக் காதில் விழுகிறது. ‘சாம்ப்’ என்ற சொல் இந்தத் தொடருக்கு வெளியே ஏறக்குறைய வழக்கிழந்துவிட்டதால், கேட்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லாக அதை மாற்றிக்கொண்டார்கள். ஆங்கில நடைக் காவலர்கள் சிலர் இன்னும் ‘சாம்ப்பிங்’தான் சரி என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சண்டை தேவையில்லை. ஆனால் தமிழ் எழுத்தில் ‘சோம்ப்பிங்’ என்று போட்டால், ஓடத் துடிக்கும் குதிரை சோம்பிக் கிடப்பதாக அல்லவா தோன்றுகிறது!

பயன்பாட்டைப் பற்றி ஒரு குறிப்பு. இத்தொடர் பெரும்பாலும் தொடர்வினையில்தான் வரும். ‘சாம்ப்ட்’ என்று இறந்தகாலத்தில் முடித்துச் சொல்வது அரிது. பின்னால் ‘இன்னது செய்ய’ என்ற வினை சேர்ந்து வருவது வழக்கம். இழிவுப் பொருள் கிடையாது. விளையாட்டுச் செய்தியிலும் அலுவலக மின்னஞ்சலிலும் தாராளமாக வரும். எனினும், மேலதிகாரிக்கு எழுதும் முறையான விண்ணப்பத்தில் ‘பணியில் சேர நான் இப்படி இருக்கிறேன்’ என்று எழுதினால், கொஞ்சம் வாய்நீளம் என்று நினைக்கக்கூடும்.


மறுமொழி 2
எழுதியவர்: ஜட்காக்காரர் பேரன்

ஐயா கரும்பலகை அவர்கள் சொன்ன பொருளோடு எனக்கு உடன்பாடுதான். குதிரையைப் பற்றிச் சொன்னதில் மட்டும் சிறு திருத்தம் இருக்கிறது. என் தாத்தா பழனியில் ஜட்கா வண்டி ஓட்டியவர். விடுமுறைக்குப் போனால் காலையில் அவரோடு அடிவாரத்துக்குப் போய், சவாரி கிடைக்கும்வரை வண்டியில் உட்கார்ந்திருப்பேன். ஆகவே குதிரை கடிவாளத்தை மெல்லுவதை ஒரு முழத் தூரத்தில் பார்த்திருக்கிறேன்.

குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத வெற்று ஈறு ஒன்று இருபுறமும் உண்டு. கடிவாள இரும்பு அந்த இடைவெளியில்தான், நாக்கின்மேல் குறுக்காகக் கிடக்கும். மனிதனுக்காகவே விட்டுவைத்த இடம் போல இருக்கும். குதிரை நாக்கால் அந்த இரும்பைத் தூக்கித் தூக்கிப் போடும்போது ‘டக், டக்’ என்று ஓர் ஓசை வரும். கொஞ்ச நேரத்தில் வாயோரத்தில் வெள்ளை நுரை கட்டி, நூலாக இறங்கி, மார்பில் சொட்டும். ஆனால் அது எல்லா நேரமும் அவசரத்தின் அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. அமைதியாக மென்றுகொண்டு லேசாக நுரை தள்ளினால், கடிவாளத்தை அது ஏற்றுக்கொண்டது என்று பொருள். குதிரையேற்றப் பயிற்சி தருபவர்களும் அதை நல்ல குறியாகத்தான் சொல்கிறார்கள். தாத்தா பார்ப்பது வாயை அன்று, காதையும் முன்காலையும். காது முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்து, முன்கால் மண்ணைக் கீறத் தொடங்கினால்தான் ‘கிளம்பணும்கிறான்’ என்பார். ஆக, ஆங்கிலேயர்கள் பார்த்த குதிரை மெல்லுவதோடு நிற்காமல் இத்தனையும் செய்திருக்க வேண்டும். தொடரில் வாய் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘டேக் த பிட் பிட்வீன் ஒன்ஸ் டீத்’ என்று வேறொரு தொடர் உண்டு. இரும்பு அந்த வெற்று ஈற்றிலிருந்து நகர்ந்து கடைவாய்ப் பற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், நாம் எவ்வளவு வலித்து இழுத்தாலும் குதிரைக்கு உறைக்காது. அது தன் போக்கில் ஓடும். அடங்காமல் கிளம்பிவிட்டவனையும், யார் சொல்லையும் கேட்காமல் ஒரு காரியத்தை முழுமூச்சாக எடுத்துக்கொண்டவனையும் குறிப்பது அது. இரண்டிலும் இதே ‘பிட்’ வருவதால் மொழிபெயர்ப்பில் குழம்பிவிட வாய்ப்பு அதிகம். ஒன்றில் குதிரை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. மற்றதில் ஓடியே விட்டது.

குதிரையைத் தமிழில் காப்பாற்ற வேண்டும் என்ற உங்கள் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் கடிவாளம் உவமையாக வராமல் இல்லை. ‘விலைவாசிக்குக் கடிவாளம்’, ‘நாக்குக்குக் கடிவாளம் போடு’, ‘கடிவாளம் இல்லாத குதிரை’ என்றெல்லாம் நாள்தோறும் படிக்கிறோம். ஆனால் இவை எல்லாமே கடிவாளத்தைப் பிடித்திருப்பவன் பக்கத்திலிருந்து சொல்லப்படுபவை. அடக்க வேண்டும், அடங்கவில்லை என்ற கவலை அவனுடையது. ஆங்கிலத் தொடரோ குதிரையின் வாய்க்குள்ளிருந்து பேசுகிறது. நீங்கள் ‘இளைஞர்கள் கடிவாளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்’ என்று எழுதினால், தமிழ் வாசகருக்கு முதலில் இவர்கள் ஏதோ அத்துமீறுகிறார்கள், யாரோ அடக்கி வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும். பிறகுதான், வாசகர் நல்லவராக இருந்தால், மற்றது தோன்றும். குதிரையை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. குதிரைக்காரன் பேரன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.


மறுமொழி 3
எழுதியவர்: தறிமேடை

டென்ட்டர்ஹூக்ஸைப் பற்றி இங்கே ஒரு பத்தியோடு கடந்துவிட்டார்கள். நெசவு ஊர்க்காரன் என்பதால் அதற்கு நான் வாதாட வேண்டியிருக்கிறது. பொருள் வேறுபாடும் அந்தத் தொழிலைப் பார்த்தால்தான் பிடிபடும்.

‘டென்ட்டர்’ என்பது கம்பளித் துணியை இழுத்துக் காயவைக்கும் நீண்ட மரச்சட்டம். இழுத்துப் பிடித்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் இருக்கும். அதை நீரில் நனைத்து, களிமண் போட்டு, மிதித்தோ அடித்தோ துவைக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி நன்றாகச் சுருங்கிவிடும். அப்படியே காயவிட்டால் கோணல்மாணலாகப் போகும் என்பதால், ஈரத்தோடு கொண்டுபோய் அந்தச் சட்டத்தின் மேல்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் வரிசையாக அடித்திருக்கும் வளைந்த ஆணிகளில் இரண்டு கரைகளையும் மாட்டி, விறைப்பாக இழுத்து, வெட்டவெளியில் நிறுத்திவிடுவார்கள். அந்த ஆணிகள்தான் ‘டென்ட்டர்ஹூக்ஸ்’. எங்கள் ஊரில் விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நூலை (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலை) நீட்டிக் கஞ்சி போட்டு நிறுத்தியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த விறைப்பு உடனே புரியும். விரலால் சுண்டினால் அதிரும்.

1720களில் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய டேனியல் டீஃபோ, யார்க்‌ஷயரின் ஹாலிஃபேக்ஸ் மலைச்சரிவுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு டென்ட்டர் நின்றதையும், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் துணி காய்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார். வெட்டவெளியில் இரவும் பகலும் கிடக்கும் துணியைத் திருடுவது எளிது. அதனால் தண்டனையும் கொடூரமாக இருந்தது. அந்த ஊரில் 13½ பென்னியும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொருளைத் திருடியவனின் தலையைத் துண்டிக்க, மரச்சட்டத்தில் கோடரி பொருத்திய ஒரு கருவியே நிறுத்தியிருந்தார்கள். 1650இல் அதில் கடைசியாகத் தலை போன இருவர்மீதும் இருந்த குற்றங்கள் துணித் திருட்டும் குதிரைத் திருட்டும். இந்தத் திரியில் நாம் பேசும் இரண்டு தொடர்களின் மூலப்பொருள்களையும் சேர்த்தே திருடியிருக்கிறார்கள் பாவிகள்.

18ஆம் நூற்றாண்டிலேயே மனிதர்கள் அந்த ஆணிகளில் தொங்கத் தொடங்கிவிட்டார்கள், ஆங்கில எழுத்தில். இப்போது பொருளைப் பாருங்கள். குதிரைக்கு உயிர் இருக்கிறது, ஆசை இருக்கிறது. ஆணியில் மாட்டிய துணிக்கு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் பிறர் இழுக்க, அது நடுவில் விறைத்துக் கிடக்கிறது. அதனால்தான் மருத்துவமனை வராந்தாவில் அறுவைச் சிகிச்சை முடிவுக்காக நிற்பவருக்கு இத்தொடர் பொருந்துகிறது, மற்றது பொருந்துவதில்லை. தமிழில் இதற்குப் பஞ்சமில்லை: ‘முள்ளின்மேல் நிற்பது போல’ என்கிறோம், ‘நெருப்பின்மேல் நிற்பது போல’ என்கிறோம். பிள்ளை வீடு திரும்பாத இரவில் எங்கள் அம்மா ‘வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்’ என்பார். அந்த மாணவியின் தேர்வு முடிவுக்கு நீங்கள் எழுதிய ‘தவித்தாள்’ மிகச் சரியாக உட்காரும்.

ஆங்கிலம் தாய்மொழியானவர்களே இதை ‘டென்டர்ஹூக்ஸ்’ என்று தவறாகச் சொல்வதுண்டு. சட்டம் மறைந்துவிட்டது, ஆணி என்னவென்று யாருக்கும் தெரியாது. மென்மை என்று பொருள்படும் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள்.

கிரிக்கெட் வாக்கியத்துக்கு ‘வாடிவாசலில் நிறுத்திய காளையைப் போல’ என்று போட்டுப் பாருங்களேன். அடக்கப்பட்ட வலுவும் வரும், விலங்கும் வரும்.


மறுமொழி 4
எழுதியவர்: முதல்வரைவு

மூவருக்கும் நன்றி. தறிமேடை அவர்களின் யோசனையை உடனே எழுதிப் பார்த்தேன். எழுதியதும், இங்கிலாந்தின் மழைநாளில் உடைமாற்றும் அறைக்குள் திடீரென்று அலங்காநல்லூர் புகுந்துவிட்டதைப் போல இருந்தது. தவிரவும், வாடிக்குள் நிற்கும் காளைக்கு வெளியே போக ஆசையா, அச்சமா என்று யார் சொல்ல முடியும்? ஆகவே மன்னிக்க வேண்டும், அதை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு ‘காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல’ என்று மாற்றினேன். அதிலும் ஓர் இடறல் இருக்கிறது. வீட்டுக்கு வந்த உறவினர் காபி குடிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பத் துடித்தால்தான் அப்படிச் சொல்கிறோம். இருக்கும் இடத்தைவிட்டுப் போகும் அவசரம் அது, போகும் இடத்தின் மேலுள்ள ஆசையை அது சொல்வதில்லை. ‘வழிமேல் விழி வைத்து’ என்பதில் ஏக்கம் அதிகம். ‘தேவுடு காத்தார்கள்’ என்றால் சலிப்பு வந்துவிடுகிறது. அதோடு, சென்னைத் தெரு வாடை இந்தக் கட்டுரைக்கு ஒட்டாது.

இதே கட்டுரையின் இறுதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எழுத்தாளருக்கு நண்பர் ஒருவர் ‘ஐ கான்ட் வெயிட் டு ஸீ யூ’ என்று கடிதம் எழுதுகிறார். முதல் வரைவில் நான் ‘உன்னைப் பார்க்க என்னால் காத்திருக்க முடியாது’ என்று எழுதியிருந்தேன். இப்போது படித்தால், வருகிறாயா, இல்லை நான் கிளம்பட்டுமா என்று நண்பர் சண்டைக்கு வருவது போல இருக்கிறது.


மறுமொழி 5
எழுதியவர்: கரும்பலகை

கடைசியில் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ‘உன்னை எப்போது பார்ப்போம் என்றிருக்கிறது.’ நம் வீடுகளில் அப்படித்தான் சொல்கிறோம். முடியாது என்ற சொல்லே அங்கு வேண்டாம்.

இனி ‘தவித்தார்கள்’. நீங்கள் உங்கள் வாக்கியத்தில் ‘இறங்க முடியாமல் தவித்தார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? கோளாறு அங்கேயே இருக்கிறது. ‘தவி’ என்ற வினை தனக்கு முன்னால் எதிர்மறையைத் தேடும்: பேச முடியாமல் தவித்தான், தண்ணீர் கிடைக்காமல் தவித்தார்கள், வழி தெரியாமல் தவித்தேன். இல்லாமையிலிருந்து பிறக்கும் துன்பம் அது. ‘துடி’ என்ற வினைக்கு இரண்டு முகங்கள் உண்டு. தனியாக நின்றால் வலி: ‘வயிற்றுவலியில் துடித்தான்’. முன்னால் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் வந்தால் ஆவல்: ‘பேசத் துடித்தான்’, ‘ஓடத் துடித்தான்’, ‘சாதிக்கத் துடிக்கும் இளைஞர்கள்’. ஆங்கிலத் தொடரும் பின்னால் ‘இன்னது செய்ய’ என்ற வினையைக் கூட்டிக்கொண்டுதான் வரும் என்று முன்பே சொன்னேன். இரண்டும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே ‘இறங்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதே நேர்.

அதில் குறை ஒன்று உண்டு. விளையாட்டுப் பக்கங்கள் அந்தத் ‘துடிப்பை’ நாள்தோறும் தேய்த்துத் தேய்த்து மழுக்கிவிட்டன. அது உறுத்தினால் ‘இருப்புக்கொள்ளவில்லை’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அச்சத்துக்கும் வரும், ஆவலுக்கும் வரும் என்பதால், எதற்காக இருப்புக்கொள்ளவில்லை என்பதை வாக்கியத்தின் மீதிப் பகுதி சொல்லியாக வேண்டும்.

பழக்கத்தில் குழம்பக்கூடிய மூன்றாவது தொடர் ஒன்றும் இருக்கிறது, ‘கூல் யுவர் ஹீல்ஸ்’. வேண்டுமென்றே பிறர் நம்மைக் காக்கவைக்கும்போது சொல்வது. அங்கே ஆங்கிலேயனுக்குக் குதிகால் குளிர்கிறது. நமக்கோ ‘கால் கடுக்க’ நிற்க வேண்டியிருக்கிறது.


மறுமொழி 6
எழுதியவர்: ஜட்காக்காரர் பேரன்

‘துடித்துக்கொண்டிருந்தார்கள்’ சரிதான். ஆனால் பிடித்து நிறுத்தியிருக்கும் கை எங்கே? அது இல்லாவிட்டால் தொடரில் பாதி போய்விடுகிறது. உங்கள் கட்டுரையில் அந்தக் கை யாருடையது? மழையினுடையதா, நடுவருடையதா? தாத்தாவின் குதிரை காதைத் திருப்புவது சாலையைப் பார்த்து அன்று, அவருடைய குரலைக் கேட்கத்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை ஆர்ப்பாட்டமும்.


மறுமொழி 7
எழுதியவர்: முதல்வரைவு

நடுவருடையது. மூலத்தில் இரண்டு வாக்கியங்களுக்கு முன்னால், நடுவர் குடையோடு ஆடுகளத்தைப் பார்க்கப் போகிறார் என்று இருக்கிறது. அதை இந்த வரியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘நடுவர் ஒரு தலையசைப்புக் காட்டினால் போதும், களத்தில் இறங்கத் துடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே கால்களால் தரையைத் தேய்த்தபடி இருந்தார்கள் பையன்கள்.’

‘கால்களால் தரையைத் தேய்த்தபடி’ என்பது மூலத்தில் இல்லை. முன்காலால் மண்ணைக் கீறும் பழனிக் குதிரையைத் திருட்டுத்தனமாகச் சேர்த்திருக்கிறேன். பதிப்பாசிரியருக்கு இன்று காலை அனுப்பினேன். இந்த முறை வட்டம் ‘பையன்கள்’ என்ற சொல்லைச் சுற்றி வந்திருக்கிறது. ஓரத்தில் ‘வயது என்ன?’ என்று கேட்டிருக்கிறார்.